பழைய பறவை உடல்களை எதற்காகக் காப்பாற்ற வேண்டும்?

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் ஒரு நூற்றாண்டாகச் சேர்த்து வைத்திருந்த உலர்தாவரத் தொகுப்பை மூடப்போவதாக 2024 பிப்ரவரியில் அறிவித்தது. சுமார் 8,25,000 மாதிரிகள். பராமரிக்கச் செலவாகிறது, வேறு நிறுவனங்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்பது நிர்வாகத்தின் நிலை. தாவரவியலாளர்கள் கொதித்துப்போனார்கள். ஆனால் அந்த முடிவுக்குப் பின்னால் இருக்கும் எண்ணம் ஒரு பல்கலைக்கழகத்துக்கு மட்டும் உரியது என்று சொல்ல முடியாது. ஒரு துளி ரத்தத்திலிருந்து ஓர் உயிரினத்தின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்துவிட முடிகிற காலத்தில், பஞ்சடைத்த பறவைகளும் காய்ந்த இலைகளும் எதற்கு என்ற கேள்வி நம் நாட்டிலும் எழுகிறது. சிலர் வாய்விட்டுக் கேட்கிறார்கள். பலர் நிதி ஒதுக்காமல் இருப்பதன் மூலம் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு நேரான பதில் உண்டு. பத்து கிராம் எடை தேறினாலே அதிகம் என்று சொல்லத்தக்க ஒரு குருவியை வைத்தே அந்தப் பதிலைச் சொல்லிவிடலாம்.

பச்சைக் கதிர்க்குருவி என்று பறவை ஆர்வலர்கள் அழைக்கும் அதைக் குளிர்காலத்தில் தமிழ்நாட்டிலும் பார்க்கலாம். இலைகளுக்கு நடுவே ஓயாமல் தாவிப் பூச்சி பொறுக்கும். மங்கிய பச்சை முதுகு, கண்ணுக்கு மேல் வெளிர்நிறப் புருவக்கோடு, இறக்கையில் மெல்லிய பட்டை ஒன்று. அடையாளம் சொல்ல இவற்றைத் தவிர அதிகம் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் முண்டந்துறைக் காடுகளில் இதன் குளிர்கால வாழ்க்கையை மதுசூதன் கட்டியும் டிரெவர் பிரைஸும் ஆராய்ந்திருக்கிறார்கள். பிறகு வடக்கே கிளம்பிவிடும் இந்தப் பறவை குஞ்சு பொரிப்பது இமயமலைச் சரிவுகளிலும், மத்திய ஆசிய மலைகளிலும், சீனத்திலும், சைபீரியாவிலும். திபெத் பீடபூமியில் மட்டும் இதற்கு இடமில்லை. மரமற்ற அந்த உயர்ந்த வெளியில் இதனால் வாழ முடியாது. அதனால் இதன் இனப்பெருக்க நிலம் பீடபூமியைச் சுற்றிவரும் மிகப் பெரிய வளையமாக அமைந்துவிட்டது. 1938இல் கிளாட் டைஸ்ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயப் பறவையியலாளர் இந்தப் பேரினத்தைப் பற்றி ஒரு விரிவான நூல் எழுதினார். பல இடங்களில் பல பேர் சேகரித்துப் பாடம் செய்து அனுப்பிய உடல்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது அவருக்கு ஓர் ஒழுங்கு தெரிந்தது. இமயத்தில் தொடங்கி மேற்கு வழியாக வடக்கே போனால், நிறமும் பட்டையும் சிறிது சிறிதாக மாறுகின்றன. கிழக்கு வழியாகப் போனாலும் அப்படியே. இரண்டு வழிகளும் மத்திய சைபீரியாவில் சந்திக்கும் இடத்தில் மட்டும் மாற்றம் சிறிதாக இல்லை. மேற்குப் பறவைக்கு இறக்கையில் ஒரு பட்டை, கிழக்குப் பறவைக்கு இரண்டு. ஒரே காட்டில் இருந்தும் அவை தனித்தனிச் சிற்றினங்களைப் போல் நடந்துகொள்கின்றன. தெற்கே இருந்த ஒரு மூதாதைக் கூட்டம் பீடபூமியின் இரு பக்கமாகவும் பரவி, வடக்கே மறுபடி சந்தித்தபோது ஒன்றுக்கொன்று அந்நியமாகிவிட்டிருந்தது என்று அவர் ஊகித்தார்.

இதைத்தான் உயிரியலில் வளையச் சிற்றினம் என்கிறார்கள். பரிணாம உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மயர் 1942இல் வெளியிட்ட நூலில் இந்த வகை நிகழ்வுகளுக்குத் தனி முக்கியத்துவம் கொடுத்தார். காரணம் இருக்கிறது. ஒரு சிற்றினம் இரண்டாகப் பிரிவதற்கு ஆயிரக்கணக்கான, சில நேரம் லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அதை யாரும் உட்கார்ந்து பார்க்க முடியாது. பார்க்கக் கிடைப்பதெல்லாம் முடிவு மட்டுமே. இடைப்பட்ட நிலைகள் எங்கே என்று டார்வின் காலம் முதல் கேட்கப்பட்டுவரும் கேள்விக்கு, வளையச் சிற்றினம் நிலப்படத்திலேயே பதில் வைத்திருக்கிறது. காலத்தில் கரைந்துபோயிருக்க வேண்டிய இடைநிலைகள் எல்லாம் அடுத்தடுத்த மலைகளில் இன்றும் உயிரோடு இருக்கின்றன. பக்கத்து மலைக் கூட்டங்கள் தமக்குள் கலக்கின்றன. எந்த இடத்திலும் கோடு கிழிக்க முடியவில்லை. ஆனாலும் இரு முனைகளும் கலப்பதில்லை.

ஊகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சோதிக்கப்பட வேண்டும். அதற்கு அறுபது ஆண்டுகள் பிடித்தன. 1990களில் டேரன் இர்வின் என்ற உயிரியலாளர் சைபீரியா, கிர்கிஸ்தான், மணாலி, நேபாளம், சீனம் என்று வளையத்தைச் சுற்றிப் பாட்டுகளைப் பதிவு செய்தார். ரத்த மாதிரிகள் எடுத்தார். பாட்டு தெற்கே குறுகியதாகவும் எளிமையாகவும் இருந்தது. வடக்கே போகப் போக இரு பக்கமும் நீண்டு சிக்கலானது, ஆனால் இரு பக்கமும் வேறு வேறு முறையில். சைபீரியாவில் கிழக்குப் பறவையின் பாட்டை ஒலிக்கச் செய்தால் மேற்குப் பறவை அதைத் தன் இனத்துப் போட்டியாளன் குரலாக எடுத்துக்கொள்வதே இல்லை. டிரெவர் பிரைஸுடன் சேர்ந்து இர்வின் 2001இல் நேச்சர் இதழிலும் 2005இல் சயன்ஸ் இதழிலும் வெளியிட்ட கட்டுரைகள், மரபணு மாற்றமும் வளையத்தைச் சுற்றிப் பெரும்பாலும் படிப்படியாக நிகழ்வதைக் காட்டின. டைஸ்ஹர்ஸ்ட் அலமாரியில் கண்டது காட்டிலும் இருந்தது. பிறகு 2014இல், மரபணுத் தொகுதியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களை ஒப்பிட்ட ஆய்வு வந்து கதையைச் சிக்கலாக்கியது. கூட்டங்களுக்கு இடையிலான கலப்பு எக்காலமும் தடையின்றி இருக்கவில்லை. கடந்த காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அறுந்திருக்கிறது. மேற்கு இமயத்தில் நெடுங்காலம் பிரிந்திருந்த இரு கூட்டங்கள் இன்று விரிந்த ஒரு வட்டாரத்தில் கலந்துகொண்டிருக்கின்றன. சைபீரியாவில் கலப்பதே இல்லை என்று கருதப்பட்ட இரு வடிவங்களும் அரிதாகக் கலந்திருக்கின்றன. ஆனால் அந்தக் கலப்பு அவற்றை ஒன்றாக்கவில்லை.

மற்ற வளையங்களுக்கு நேர்ந்தது இதைவிடக் கடுமையானது. பாடநூல்களில் நெடுங்காலம் முதல் எடுத்துக்காட்டாக இருந்தவை வடதுருவத்தைச் சுற்றி வாழும் கடற்காகங்கள். அவற்றின் உறவினர் சிலர் குளிர்காலத்தில் தனுஷ்கோடி, மன்னார்க் கரைகளுக்கும் வருவதுண்டு. ஐரோப்பாவில் ஒன்றாக வாழ்ந்தும் கலக்காத இரு கடற்காகங்கள், சைபீரியா, வட அமெரிக்கா வழியாக ஒரு சங்கிலியால் இணைந்திருக்கின்றன என்பதுதான் கதை. 2004இல் வெளிவந்த மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ ஆய்வு அதை உடைத்தது. இவற்றின் மூதாதைகள் வெவ்வேறு இரு புகலிடங்களிலிருந்து பரவியவை. வளையம் மூடவே இல்லை. ஆசியாவைச் சுற்றியுள்ள பட்டாணிக் குருவிகளின் வளையமும் அதே காலத்தில் கலைந்தது. நம் ஊரில் காணும் சாம்பல் வடிவம் இன்று பல பட்டியல்களில் ஐரோப்பியப் பறவையிலிருந்து தனிச் சிற்றினமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கைச் சுற்றி வாழும் என்சாடினா சாலமாண்டர்கள் ஓரளவு தப்பித்தன. நுரையீரல் இல்லாமல் தோலால் மூச்சுவிடும் இந்த இருவாழ்விகளை ராபர்ட் ஸ்டெபின்ஸ் பெர்க்லி அருங்காட்சியகத்தின் மாதிரிகளை வைத்து 1949இல் ஆராய்ந்தார். டேவிட் வேக்கும் அவருடைய மாணவர்களும் பல பத்தாண்டுகள் அதே சாலமாண்டர்களின் மரபணுக்களைப் பின்தொடர்ந்தார்கள். அங்கும் பிரிந்தும் சேர்ந்தும் வந்த வரலாறே தெரிந்தது. ஆனால் தென் கலிபோர்னிய மலைகளில் சீரான செந்நிற வடிவமும் பெரும்புள்ளி வடிவமும் ஒரே இடத்தில் வாழ்ந்தும் மிக அரிதாகவே கலக்கின்றன என்ற அடிப்படைச் செய்தி நிற்கிறது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். அலமாரியில் உடல்களை அடுக்கிப் பார்த்தவர்கள் சொன்னதில் பாதி தவறாகிவிட்டது, திருத்தியது மரபணு. அப்படியானால் அலமாரியை விட்டுவிட்டு மரபணுவை மட்டும் நம்பலாமே? இந்த வாதம் ஒன்றை மறந்துவிடுகிறது. மரபணு தானாக எந்தக் கேள்வியையும் கேட்பதில்லை. உலகில் பல ஆயிரம் பறவைச் சிற்றினங்கள் இருக்க, சைபீரியாவின் ஒரு காட்டில் ஒரு சிறு குருவியின் ரத்தத்தை எடுத்து மணாலியின் குருவியோடு ஒப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது, டைஸ்ஹர்ஸ்ட் அந்த வரிசையைப் பார்த்திராவிட்டால். எங்கே போய்த் தேட வேண்டும், எந்த இரு கூட்டங்களை எதிரெதிரே வைக்க வேண்டும் என்பதை எல்லாம் உடல்களே சொல்லிக்கொடுத்தன. கடற்காகக் கதை உடைந்ததும் இதே வழியில்தான். யாருடைய கூற்று எந்தப் பறவையின் மேல், எந்த இடத்தின் மேல் நிற்கிறது என்று தெளிவாக இருந்ததால்தான் அதை எடுத்துச் சோதிக்கவும் தள்ளவும் முடிந்தது. தவறு என்று நிரூபிக்கத்தக்க வடிவில் ஒரு சான்று வைக்கப்பட்டிருப்பது அறிவியலுக்குக் கிடைக்கும் பெரிய கொடை.

இரண்டாவது மறுப்பு, அந்தச் சான்றே பொய்யாக இருக்கலாம் என்பது. இருந்திருக்கிறது. ரிச்சர்ட் மைனெர்ட்ஸ்ஹாகன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, மற்றவர்கள் சேகரித்த பறவைகளை அருங்காட்சியகத்திலிருந்து திருடி, தானே சேகரித்ததாகப் பொய்ச் சீட்டுகள் கட்டி வைத்தார். மத்திய இந்தியாவின் ஒரு சிறு காட்டு ஆந்தை அதில் அகப்பட்டுக்கொண்டது. அதன் உண்மையான கடைசி மாதிரி 1884இல் கிடைத்தது. 1914இல் குஜராத்தில் தானும் ஒன்றைப் பிடித்ததாக அவர் எழுதி வைத்த சீட்டு தேடுபவர்களைத் திசைதிருப்பியது. அமெரிக்கப் பறவையியலாளர் பமீலா ராஸ்முசென் அந்த உடலைக் கூர்ந்து ஆராய்ந்தபோது, அது ஜேம்ஸ் டேவிட்சன் என்பவர் பாடம் செய்யும் முறையில் தைக்கப்பட்டு அடைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. பொய்யான இடத்தை ஒதுக்கிவிட்டு, உண்மையான சீட்டுகள் சொன்ன பகுதிகளில் தேடினார்கள். 1997 நவம்பரில், 113 ஆண்டுகளுக்குப் பிறகு, மகாராஷ்டிரத்தின் ஷஹாதா அருகே அந்த ஆந்தை உயிரோடு காணப்பட்டது. ஒரு கட்டுரையில் எழுதப்பட்ட பொய்யை நூறாண்டு கழித்து இப்படிப் பிடித்திருக்க முடியுமா? உடல் இருந்தது, நூல் இருந்தது, பஞ்சு இருந்தது. அதனால் உண்மை வெளியே வந்தது.

மூன்றாவது மறுப்பில் நடைமுறை அறிவு இருக்கிறது. ரத்தம் எடுத்துவிட்டுப் பறவையைப் பறக்க விடலாம், படம் எடுக்கலாம், குரல் பதியலாம், இவை போதாதா? இன்றைய பறவையைப் பற்றி அறிய இவை பெருமளவு போதும். 1870ஆம் ஆண்டின் பறவையிடம் போய் யாரும் ரத்தம் எடுக்க முடியாது. மேற்கு இமயத்தின் கலப்பு வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். அது நூறாண்டில் நகர்ந்திருக்கிறதா, விரிந்திருக்கிறதா, காடு அழிந்ததும் வெப்பம் ஏறியதும் அதை என்ன செய்தன என்று கேட்டால், பதில் சொல்லும் தகுதி பழைய உடல்களுக்குத்தான் உண்டு. அவை பதில் சொல்லும் நிலையில் இருக்கின்றன என்பதும் நிரூபிக்கப்பட்டது. 1883இல் அழிந்துபோன குவாகா என்ற வரிக்குதிரை வகையின் டிஎன்ஏவை, ஜெர்மனியின் மைன்ஸ் அருங்காட்சியகத்தில் இருந்த 140 ஆண்டுப் பழைய தோலில் ஒட்டியிருந்த தசையிலிருந்து 1984இல் எடுத்துக் காட்டினார்கள். இன்று பாடம் செய்த பறவையின் கால்விரல் அடிச்சதையில் ஒரு துணுக்கு போதும். திபெத் வளையத்தில் வடசீனத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. காடு அழிக்கப்பட்டதே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். காடு போன இடத்தில் ரத்தம் எடுக்கப் பறவை இல்லை. அழிவுக்கு முன் அங்கே யாராவது சேகரித்து வைத்ததுதான் எஞ்சும்.

சேகரித்தவர்கள் நினைத்தே பார்க்காத கேள்விகளுக்கும் இந்தத் தொகுப்புகள் பதில் சொல்லியிருக்கின்றன. பொழுதுபோக்காக முட்டை சேர்த்தவர்களின் பெட்டிகளில் இருந்த பொரி வல்லூறு முட்டைகளின் ஓடுகளை டெரிக் ராட்கிளிஃப் ஆராய்ந்து, அவை 1940களின் பிற்பகுதியில் திடீரென மெலிந்ததை 1967இல் காட்டினார். டிடிடி பூச்சிமருந்துக்கு எதிரான வழக்கில் அது முக்கியச் சான்றானது. பெர்க்லி அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர் ஜோசப் கிரின்னல், தம் தொகுப்பின் மதிப்பு ஒரு நூற்றாண்டு கழித்து வரும் மாணவருக்கே முழுதாகப் புரியும் என்று 1910இலேயே எழுதினார். அவருடைய குழு கலிபோர்னியாவின் யோசெமிட்டி மலைப்பகுதியில் சேகரித்த சிறு பாலூட்டிகளின் மாதிரிகளையும் குறிப்பேடுகளையும் வைத்து அதே இடங்களை மறுபடி ஆய்ந்தவர்கள், பல சிற்றினங்களின் வாழ்விட எல்லை சராசரியாகச் சுமார் 500 மீட்டர் மேலே ஏறியிருப்பதை 2008இல் வெளியிட்டார்கள். கிரின்னல் காலத்தில் புவி வெப்பமாதல் என்ற கவலையே இல்லை.

கொல்வது தவறல்லவா என்று கேட்பவர்களின் மனம் நல்ல மனம். அவர்களிடம் வாதம் செய்வதைவிட ஒப்புக்கொள்வது நேர்மை: அந்தக் காலத்துச் சேகரிப்பில் அளவு மீறியது உண்டு, அரிய பறவைகளைப் போட்டி போட்டுச் சுட்டதும் உண்டு. ஆனால் அந்த உயிர்கள் போய் நூறாண்டாகிவிட்டன. அவற்றின் உடல்களைப் பூச்சி அரிக்க விடுவதால் எந்தப் பறவையும் பிழைக்கப்போவதில்லை. கொன்றதற்கு இருந்த ஒரே நியாயமும் போய்விடும். இனிமேல் சேர்க்க வேண்டியவற்றுக்குப் பெரும்பாலும் துப்பாக்கி தேவைப்படாது. வாகனம் மோதியும், மின்கம்பியில் பட்டும், கண்ணாடிச் சுவரில் முட்டியும் இறக்கும் பறவைகள் ஏராளம். இப்போதைய சட்டத்தின்படி காட்டுப் பறவை செத்துக் கிடந்தாலும் அது அரசின் சொத்து. அனுமதியின்றி எடுக்க முடியாது. வேட்டையைத் தடுக்க அந்த விதி வேண்டும். ஆனால் அருங்காட்சியகங்களுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் அந்த உடல்கள் விரைவாகப் போய்ச் சேர ஒரு வழி வகுப்பதால் பாதுகாப்பு குறைந்துவிடாது.

காலனியக் கொள்ளை என்ற குற்றச்சாட்டையும் ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. நம் பறவைகளின் மிகச் சிறந்த தொகுப்புகளில் ஒன்று இன்று இங்கிலாந்தின் டிரிங் நகரில் இருக்கிறது. அதைச் சேர்த்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். காங்கிரஸைத் தோற்றுவித்தவர்களில் ஒருவராக நாம் அறிந்தவர். மேலே சொன்ன காட்டு ஆந்தையை 1873இல் முதன்முதலாக அறிவியல் உலகுக்கு விவரித்தவரும் அவரே. இந்தியப் பறவைகளைப் பற்றி அவர் எழுதி வைத்திருந்த கையெழுத்துப் படிகளை, அவர் சிம்லாவில் இல்லாதபோது ஒரு பணியாள் பழைய காகிதமாகக் கடைத்தெருவில் விற்றுவிட்டார். மனமுடைந்த ஹியூம் பறவையியலையே கைவிட்டு, பறவை உடல்களும் முட்டைகளுமாகச் சுமார் 82,000 மாதிரிகளை 1885இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அவர் எழுதியது போய்விட்டது. அவர் சேர்த்தது இருப்பதால் இன்றும் கேள்வி கேட்க முடிகிறது. அந்தத் தொகுப்பின் மேல் நமக்கு உரிமைக் குரல் உண்டு. குறைந்தது, அதன் ஒவ்வொரு சீட்டும் படமும் இந்திய மாணவர் வீட்டிலிருந்தே பார்க்கும்படி திறந்து வைக்கப்பட வேண்டும் என்று நம் அரசு கேட்கலாம். கேட்பதற்கு முன் நம்மிடம் இருப்பதை நாம் எப்படி வைத்திருக்கிறோம் என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். 2016 ஏப்ரல் 26 அன்று டெல்லியின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தீயில் அழிந்தது. 2018 செப்டம்பரில் ரியோ டி ஜெனிரோவின் தேசிய அருங்காட்சியகத்தில் சுமார் இரண்டு கோடிப் பொருள்களில் பெரும்பகுதி எரிந்தபோது உலகமே அழுதது. டெல்லித் தீயை நாம் மறந்தே போனோம்.

கொல்கத்தாவில் இந்திய விலங்கியல் ஆய்வகம், மும்பையில் இயற்கை வரலாற்றுக் கழகம், 1851இல் தொடங்கிய சென்னை அரசு அருங்காட்சியகம் என்று நம்மிடமும் தொகுப்புகள் இருக்கின்றன. அவற்றால் ஆகும் பயன் பழங்கதையாகிவிடவில்லை. அருணாசலத்தில் 2009இல் கேட்ட ஒரு வேறுபட்ட பாட்டைப் பின்தொடர்ந்த பெர் ஆல்ஸ்ட்ரோம் குழு, அருங்காட்சியக உடல்களின் அளவுகளையும் மரபணுக்களையும் ஒப்பிட்டு, இமயக் காட்டுப் பூங்குருவி ஒன்றைப் புதுச் சிற்றினமாக 2016இல் அறிவித்தது. அதன் அறிவியல் பெயரில் சாலிம் அலி இருக்கிறார். இப்படிப்பட்ட தொகுப்புகளுக்குத் தேவை பெரிய கட்டடமோ கண்காட்சி விளக்குகளோ இல்லை. ஈரமும் பூச்சியும் தீயும் அண்டாத அறை, சீட்டைப் படித்துக் கணினியில் ஏற்றத் தெரிந்த ஆள், ஓய்வு பெறும் காப்பாளர் இடத்தில் உடனே இன்னொருவர், விண்ணப்பிக்கும் மாணவருக்கு ஒரு கால்விரல் துணுக்கைக் கொடுக்கலாமா என்று மாதக்கணக்கில் இழுக்காமல் முடிவு சொல்லும் குழு. மத்திய அரசும் மாநில அரசும் அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே இந்த நான்குக்கும் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும்.